அப்படி யாரும் இங்கே இல்லை

கொழும்பிலிருந்து போன் வந்தபோது நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பேசியது ஒரு பெண். நல்ல தமிழில், மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. குடிவரவுக் கந்தோரிலிருந்து பேசுவதாகச் சொன்னார். நீங்கள் கெத்தரின்தானே என்றார். யட்டவத்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தின் இலக்கத்தையும் படித்து, விசாவுக்கு நீங்கள் கொடுத்த விலாசம் இதுதானே என்று கேட்டார்.

அது பழைய விலாசம், நாங்கள் நாவுலைக்கு வந்துவிட்டோம் என்று நான் சொல்வதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"எங்க ஆட்கள் அந்த வீட்டுக்குப் போய் விசாரிச்சாங்க. அப்படி யாரும் இங்க இல்ல, இந்தியாவுல இருந்து வந்த யாரையும் எங்களுக்குத் தெரியாதுன்னு வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்காங்க."

வீட்டுக்கார அம்மா என்றால் என் மாமியார் சவரியம்மா. மாமியார் மட்டுமா? என் அப்பாவோடு கூடப்பிறந்த அக்கா. எனக்குச் சொந்த அத்தை. எனக்குக் கல்யாணப் புடவை எடுத்துக் கொடுத்தவர், பிரசவத்துக்கு மாத்தளை ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டியவர். அவருக்குத்தான் என்னைத் தெரியாதாம்.

அந்தப் பெண் மேலே சொல்லிக்கொண்டே போனார். கொடுத்த விலாசத்தில் ஆள் இல்லை என்பதால் கல்யாணமே உண்மைதானா என்று சந்தேகம் வந்திருக்கிறதாம். வியாழக்கிழமை கணவரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். பழைய இடத்திலிருந்து போய்விட்டதாக அங்குள்ள கிராம சேவகரிடமும், புது இடத்தில் இருப்பதாக இங்குள்ள கிராம சேவகரிடமும் எழுதி வாங்கி வரவேண்டும். இல்லையென்றால் விசாவை நீடிக்க முடியாது. நீடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்றார். என் பிள்ளை என்றேன். பிள்ளை இங்கே பிறந்தது, தகப்பன் இந்த நாட்டுக்காரர், அதனால் அவள் இருக்கலாம் என்றார்.

அவள் இருக்கலாமாம். மூன்று வயதுப் பிள்ளை வாயில் சோற்றை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சோற்றுக் கிண்ணத்தை நங்கென்று தரையில் வைத்தேன். பயத்தில் என்று நினைக்க வேண்டாம், ஆத்திரத்தில்.

என் தாத்தாவும் பாட்டியும் பிறந்தது அதே தோட்டத்தில், அதே லயத்தில். இரண்டு நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது இவர்கள் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். கோத்தகிரியில் மறுபடியும் அதே தேயிலை. அப்பா போகும்போது சின்னப் பையன். அத்தைக்கு மட்டும் அதற்குக் கொஞ்சம் முன்னால் கல்யாணம் முடிந்திருந்தது. இஞ்ஞாசி மாமாவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் அத்தை இங்கேயே தங்கிவிட்டார். நான் கோத்தகிரியில் பிறந்தேன். அங்கே எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. அத்தை மகன் ஜெராட் வேளாங்கண்ணிக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார், பெண் கேட்டார், உறவு முறை என்பதால் பங்குச் சாமியார் மூலமாகத் தனி அனுமதி வாங்கிக் கட்டிக்கொண்டார். இங்கே வந்த பிறகு எனக்குப் பெயர் இந்தியாக்காரி. பாட்டி பிறந்த லயத்துக்கே வாழ வந்தும், நான் வெளிநாட்டுக்காரி என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுத்து விசா வாங்குகிறேன். இந்தக் கூத்தை எந்த ஊரில் போய்ச் சொல்வது?

அதனால்தான் காகித விஷயத்தில் நான் எப்போதும் கவனம். தோட்டத்துச் சம்பளம் போதாமல் ஜெராட் நாவுலையில் ரிஸ்வி நானாவின் மரக்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டையே நானா எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். குடிவந்த முதல் வேலையாக நான் விலாச மாற்றத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி ஜெராட்டின் கையில் கொடுத்தேன். மாலை வந்ததும் கேட்டேன். அனுப்பியாச்சு என்றார். பிறகு ஒருநாளும் கேட்டேன். அனுப்பியாச்சு புள்ள, எத்தன வாட்டி கேப்ப என்று சலித்துக்கொண்டார். நானும் நம்பித் தொலைத்தேன்.

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஜெராட் லொறியில் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பேப்பரை அனுப்பினீர்களா இல்லையா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காயை மெதுவாக வைத்துவிட்டு சாரத்தில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அப்பா வேணாம்னுட்டாரு," என்றார்.

தோட்டத்தில் இது ஒரு வழக்கம். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து ஆள் போகலாம், பேர் போகக்கூடாது. கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள், சவூதிக்குப் போனவர்கள், போய்த் திரும்பியே வராதவர்கள் என்று எல்லோருடைய பேரும் அங்கேதான் குடியிருக்கிறது. காம்பரா நமக்குச் சொந்தமில்லை. பேரை வெட்டினால் இடம் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். அதற்கு மேல் இப்போது தனி வீடு கட்டித் தரப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. எழுதிக்கொண்டு போனவர்களிடம் ஜெராட்டையும் என்னையும் பாப்பாவையும் தனிக் குடும்பமாக மாமா எழுதிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் நாவுலைக்குப் போய்விட்டோம் என்று கொழும்புக்குத் தெரிந்தால் அது கிராம சேவகருக்குத் தெரியும், கிராம சேவகருக்குத் தெரிந்தால் தோட்டத்துக்குத் தெரியும், வீடு கைவிட்டுப் போகும். இதுதான் மாமா போட்ட கணக்கு.

மாமாவின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. நாலு தலைமுறையாகச் சொந்தமாக ஒரு கதவு இல்லாதவர் அவர். ஆனால் அந்தக் கதவுக்கு என்னையா அடகு வைப்பது? வீடு கிடைத்ததும் விலாசத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன் என்று ஜெராட் இழுத்தார். "வீடு கெடைக்கிற நேரம் நான் கோத்தகிரில இருப்பேன் மச்சான். பாப்பாவுக்கு நீங்களே சோறு ஊட்டுங்க," என்றேன். வாய்க்கு வந்த இன்னும் சிலதையும் சொன்னேன். ரிஸ்வி நானா குறுக்கே வந்து, பெண்பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று ஜெராட்டைத் திட்டிவிட்டு, வாடகைக்கு இருப்பதாக அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்தார். நாவுலை கிராம சேவகர் தனக்குத் தெரிந்தவர், அந்தக் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை பஸ் பிடித்தோம். மாத்தளையில் இறங்கி அடுத்த பஸ். வழி முழுக்க நான் ஜெராட்டோடு பேசவில்லை. அவர் பாப்பாவுக்கு மாறி மாறி ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டிக்கொண்டு வந்தார். அவர் செய்தது எனக்கு விளங்கிவிட்டது. அத்தை செய்ததுதான் விளங்கவில்லை. வீட்டுக்காகப் பொய் சொல்வதென்றால் இருக்கிறாள் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கடைக்குப் போயிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆளையே தெரியாது என்று ஏன் சொல்ல வேண்டும்? என்னை அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன். ஆத்திரத்தில் மனது எங்கெங்கோ போகிறது.

லயத்துக்குப் போனால் அங்கே மாமா எனக்கு முன்னாலேயே கொதித்துக்கொண்டிருந்தார். விசாரிக்க ஜீப் வந்த அன்று அவர் டவுனுக்குப் போயிருந்தாராம். நான் இருந்திருந்தால் இருக்கிறாள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன், இவள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று அத்தையைப் பார்த்துக் கத்தினார். ஒரே வீட்டில் இரண்டு பொய். மாமா வைத்திருந்த பொய் அத்தைக்குத் தெரியாது. அத்தை சொன்ன பொய் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

அத்தை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"என்னயத் தெரியாதுன்னு சொன்னீங்களா அத்த?"

"சொன்னேன்."

"ஏன்?"

சாப்பிட்டியா என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு வெறி வந்ததோ தெரியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள், வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எங்க அப்பாவ அனுப்புனது போதாதா உங்களுக்கு? இப்ப என்னயும் அனுப்பணுமா?" என்று இந்த நாட்டின் மேலிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

சுளகு நின்றது. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு சுளகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வியாழக்கிழமை எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்து நேரே கிராம சேவகரிடம் போனோம். மாமாவும் பின்னாலேயே வந்தார். பேரை வெட்டினால் நான் செத்த பிறகுதான் இந்த வாசலை மிதிக்க வேண்டும் என்று வழி நெடுக மகனிடம் சொல்லிக்கொண்டு வந்தார். கிராம சேவகர் ஒரு சிங்களப் பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டு, போய்விட்டார்கள் என்று எழுதினால் இங்குள்ள பதிவிலிருந்து பேரை எடுக்க வேண்டும், யோசித்துத்தான் வந்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். நான் ஜெராட்டைப் பார்த்தேன். இந்த ஒரு தடவை நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார்.

"அயின் கரன்ன மிஸ்," என்றார். எடுத்துவிடுங்கள் என்று.

மாமா அங்கேயே திரும்பி நடந்தார். அவர் போன வேகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டு என்ன செய்ய? அவருக்கு வீடு வேண்டும், எனக்கு என் பிள்ளை வேண்டும்.

வியாழக்கிழமை அத்தை மாத்தளை பஸ் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். திருவிழாவுக்கு உடுத்தும் சேலை, கையில் ஜெபமாலை. மாமாவிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. கொழும்பு போய்ச் சேரும்வரை நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

போனில் பேசிய அதே பெண்தான் அங்கேயும் இருந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகம். முதலில் ஜெராட்டை விசாரித்தார். அவர் எதையும் பூசி மெழுகவில்லை. மனைவி எழுதிக் கொடுத்ததைத் தான்தான் அனுப்பவில்லை என்றும், தோட்டத்து வீட்டுக்காக மறைத்ததாகவும் சொன்னார். வீடு மாறினால் அறிவிப்பது விளையாட்டில்லை, உங்களால் இவர் நாட்டை விட்டே போக வேண்டி வந்திருக்கும் என்று அந்தப் பெண் அவரை ஒரு பிடி பிடித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். அத்தை உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார்.

"இவங்க உங்க மருமகள்தானே அம்மா? ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?"

அத்தை ஜெபமாலையை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்.

"ஜீப்பு வந்துச்சுங்க," என்றார். "ரெண்டு தொரமாரு எறங்கினாங்க. கையில பேப்பர். பேரப் படிச்சு, இந்த ஆளு இங்க இருக்கான்னு கேட்டாங்க."

"அது அவங்க வேலைம்மா. இருக்காங்களான்னு பார்க்கத்தான் வந்தாங்க."

"அன்னைக்கும் இப்படித்தானுங்க வந்தாங்க. எங்க அப்பா பேரு, அம்மா பேரு, தம்பி பேரு. இந்தியாவுக்குப் போகச் சொல்லி முந்தியே கடுதாசி வந்திருச்சு. போக மனசில்லாம எங்க அப்பா தங்கிட்டாரு. பொலிசு வந்தப்ப அவுங்க எல்லாம் உள்ளதான் இருந்தாங்க, நான் வாசல்ல நின்னேன். இங்கதான இருக்காங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, கல்யாணம் முடிச்ச புதுசு. ஆமா, இருக்காங்கன்னு நாந்தான் சொன்னேன்."

அந்தப் பெண்ணின் கை தட்டச்சுப் பலகையின் மேல் அப்படியே நின்றது.

"கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பாவையும் அம்மாவையும் அப்பறம் நான் பாக்கல. இவ அந்தத் தம்பி மக." அத்தை என்னைக் காட்டவில்லை, என் பக்கம் தலையை மட்டும் திருப்பினார். "மறுபடியும் வந்து இவ பேரச் சொல்லிக் கேக்குறீங்க. ரெண்டாவது வாட்டியும் இருக்கான்னு நான் சொல்லுவேனாங்க?"

ஜெராட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதை அவருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது. கோத்தகிரியில் என் அப்பா சாகும்வரை, யாரோ பொறாமை பிடித்த லயத்துக்காரன் காட்டிக் கொடுத்துவிட்டான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் நாவுலை விலாசத்தைக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துப் பதிந்துகொண்டார். விசாவை நீடிக்கலாம், பிற்பகல் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கடைசியாக, அவர் வேலை அவருக்கு, "இனிமே வீடு மாறினா உடனே எங்களுக்கு அறிவிக்கணும்," என்றார்.

என் தாத்தாவை நீங்கள் கடல் தாண்டி வீடு மாற்றினீர்களே, அதை யார் யாருக்கு அறிவித்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. விசா ஒட்டாத பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாது. சரி மேடம் என்றேன்.

பிற்பகல் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஒரு வாரமாக இருந்தது போன்ற அந்த மூன்று நாள் பயம் போய்விட்டது. கோபம் போகவில்லை. அத்தையின் மேலிருந்த கோபம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், ஆள்தான் மாறியது. ஒரு சின்னப் பெண்ணை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டு, அவள் சொன்ன உண்மையாலேயே அவள் வீட்டைக் காலி செய்தவன் மேல் எனக்குக் கோபம். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறானோ என்னவோ. பேர் தெரியாத ஆள் மேல் கோபப்படுவது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாத்தளை பஸ்ஸில் நான் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாப்பா எங்கள் இரண்டு பேர் மடியிலும் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள். வெகுதூரம் போனபிறகு அத்தை கேட்டார்.

"உங்க வீட்டு நம்பரு என்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் நாவுலையில் எங்கே இருக்கிறோம் என்று இவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. நானும் தெரிந்திருக்கும் என்றே இருந்துவிட்டேன். வாய் தவறி யாரிடமாவது சொல்லிவிடுவார் என்று மாமாவும் ஜெராட்டும் மறைத்திருக்கிறார்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஜெராட்டின் பிடரியில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

"நம்பர் நாப்பத்தேழு, பள்ளிவாசல் ரோடு, நாவுல," என்றேன்.

அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். ஒருதரம் தப்பாகச் சொன்னார், திருத்தினேன். பிறகு தானாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"இனி யாராச்சும் வந்து கேட்டா, இதச் சொல்லலாமா?"

"சொல்லுங்க அத்த. யாரு கேட்டாலும் சொல்லுங்க. அங்கதான் இருக்கான்னு சொல்லுங்க."

"ஜீப்புல வந்து கேட்டாலுமா?"

"ஜீப்புல வந்து கேட்டாலும்."

அத்தை தலையாட்டினார். ஜெபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, நாப்பத்தேழு, பள்ளிவாசல் ரோடு, நாவுல என்று மறக்காமலிருக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தார். அத்தை சட்டென்று வாயை மூடிக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்து என் பிள்ளையின் முகத்தை மூடினார்.